வீட்டு மரத்தை அகற்றும் செலவு: கூலி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை ஒட்டி நிற்கும் ஒரு வேப்பமரத்தை எடுக்க எவ்வளவு ஆகும் என்று இரண்டு பேரிடம் விசாரித்தால், ஒருவர் கேட்கும் தொகை மற்றவர் கேட்பதைப் போல மூன்று மடங்காக இருப்பது தமிழ்நாட்டில் அபூர்வமல்ல. கூடுதலாகக் கேட்பவர் கொள்ளையடிக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன்பு, இருவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். மரத்தை அகற்றுவது என்பதற்குள் வெட்டுவது, வெட்டியதைச் சேதமில்லாமல் கீழே இறக்குவது, கட்டையையும் தழையையும் வளாகத்துக்கு வெளியே கொண்டுபோவது, மண்ணில் நிற்கும் அடிக்கட்டையான தூரைத் தோண்டி எடுப்பது என நான்கு வேலைகள் அடங்கியிருக்கின்றன. குறைந்த தொகை சொன்னவர் பெரும்பாலும் முதல் வேலைக்கு மட்டுமே சொல்லியிருப்பார். மீதி மூன்றும், மரம் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கையில், பேரம் பேச வீட்டுக்காரருக்கு வழியில்லாத நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

மரத்தைப் பார்க்காமல் விலை கேட்பது

தொலைபேசியில் மரத்தின் பெயரையும் உயரத்தையும் சொல்லி விலை கேட்பதே முதல் தவறு. கூலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மரத்தின் பருமன் அல்ல, அது விழுவதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான். திறந்த தோப்பில் நிற்கும் ஐம்பது அடித் தென்னையை, ஒரு பக்கம் கயிறு கட்டி இழுத்து, அடியில் இயந்திர வாளை வைத்தால் சிறிது நேரத்தில் சாய்த்துவிடலாம். அதே தென்னை நகரத்தில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நின்றால், ஒருவர் உச்சி வரை ஏறி, முதலில் குலைகளையும் மட்டைகளையும் கழித்து, பிறகு கொண்டையை வெட்டி, அதன் பின்னர் தண்டை மூன்றடி நான்கடித் துண்டுகளாக அறுத்துக்கொண்டே இறங்கி வர வேண்டும். பச்சைத் தென்னந்தண்டில் ஒரு மீட்டர் நீளத் துண்டின் எடையே ஓர் ஆளின் எடையை நெருங்கும் என்பதால், அது அவ்வளவு உயரத்திலிருந்து விழும் இடத்தில் தரைக் கல் உடையும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருந்தால் அதுவும் உடையும். துண்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்குவதற்கு ஆளும் நேரமும் கூடுதலாகத் தேவைப்படும், அதற்குத் தனிக் கூலி கேட்பதும் நியாயமே. கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்க் குழாய், கீழ்நிலைத் தொட்டி ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை விலை சொல்ல வந்தவரிடம் அப்போதே காட்டிவிடுவது நல்லது. வேலை நாளன்று காட்டினால் அது புதிய பேச்சுவார்த்தைக்குத்தான் வழி வகுக்கும்.

நாள்கூலிக்கு விடுவதா, மொத்தமாகப் பேசுவதா என்பது அடுத்த கேள்வி. முருங்கை, கொய்யா போன்ற சிறிய மரங்களுக்கு நாள்கூலி போதும். பெரிய மரங்களுக்கு மொத்தமாகப் பேசுவதே பாதுகாப்பானது; ஆனால் அந்த மொத்தத்துக்குள் கயிறு கட்டி இறக்குவதும், வண்டி வாடகையும், தூர் எடுக்க ஜேசிபி வரவேண்டுமானால் அதன் மணி வாடகையும் அடங்குமா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜேசிபி உரிமையாளர்கள் பொதுவாகக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று வாடகை வாங்குவார்கள். அரை மணி நேர வேலைக்காக அதை வரவழைத்தாலும் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். வாசல் குறுகலாக இருந்து இயந்திரம் உள்ளே வர முடியாத வீடுகளில் தூரை ஆட்களை வைத்துத்தான் தோண்ட வேண்டியிருக்கும், அப்படியானால் மரத்தை வெட்டிய செலவையே தூர்ச் செலவு மிஞ்சிவிடலாம்.

மரம் காயட்டும் என்று காத்திருப்பது

காய்ந்த மரத்தை வெட்டுவது சுலபம், செலவும் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. இடி விழுந்து கருகிய தென்னையிலோ, உள்ளே உளுத்துப்போன வேம்பிலோ அனுபவமுள்ள எவரும் ஏற மாட்டார். தண்டு தன் எடையைத் தாங்குமா என்பதே தெரியாத மரத்தில் ஏறி, அதே தண்டில் கயிற்றைக் கட்டி, அதிலேயே துண்டுகளை இறக்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அத்தகைய மரத்துக்குக் கிரேன் தேவைப்படும். கூலியாக முடிந்திருக்க வேண்டிய செலவு இயந்திர வாடகையாக மாறும். மட்டைகள் தொங்கி, குருத்து சாய்ந்த தென்னை இனித் தேறாது என்று தெரிந்துவிட்டால், தண்டு உறுதியாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் சிக்கனம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை அழித்தபோதும், வாள் வைத்திருந்தவர்களுக்கும் கிரேன் வைத்திருந்தவர்களுக்கும் எங்கு பார்த்தாலும் வேலை இருந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் பேரம் பேசும் நிலையில் எந்த வீட்டுக்காரரும் இருக்க மாட்டார். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே, சாய்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

கூலிக்கு மரம் சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொள்வது

வீட்டுக்காரர்கள் அதிகமாக இழப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. ‘காசு வேண்டாம், கட்டையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்’ என்ற ஏற்பாடு தூங்குமூஞ்சி மரத்துக்கும் மயில்கொன்றைக்கும் பொருந்தலாம். அவை பெரும்பாலும் விறகாகத்தான் போகும். வேம்பு, பலா, மா, பூவரசு, தேக்கு போன்றவற்றின் நிலை வேறு. வேம்பு கதவுக்கும் வாசல் நிலைக்கும் போகும், பலா வீணை வரைக்கும் போகும். இவற்றின் நேரான அடித்தண்டை மரவாடிக்காரர்கள் கன அடிக் கணக்கில் வாங்குவார்கள். அந்தக் கணக்கு வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்டின் நடுப்பகுதியில் நூல் சுற்றிச் சுற்றளவை அங்குலத்தில் எடுக்கிறார்கள். அதை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அடிக் கணக்கில் எடுத்த நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். சுற்றளவு 64 அங்குலம், நீளம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். 64ஐ நான்கால் வகுத்தால் 16. பதினாறு பதினாறு 256. அதை ஒன்பதால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 16 கன அடி. உருண்டைத் தண்டின் உண்மையான கன அளவு 20 கன அடிக்கும் சற்று அதிகம். பட்டையும் அறுப்பில் போகும் சேதாரமும் கழிகின்றன என்ற பெயரில் இந்த முறை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை முன்கூட்டியே விட்டுவிடுகிறது. ஆகவே அளந்த பிறகு ‘பட்டைக் கழிவு’ என்று இன்னொரு முறை குறைக்கச் சொன்னால், கணக்கிலேயே அது கழிந்துவிட்டது என்று நிதானமாகச் சொல்லலாம். கன அடி 400 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தால்கூட இந்த ஒரு தண்டின் மதிப்பு 6,400 ரூபாய். உண்மை விலையை உள்ளூர் மரவாடிகள் இரண்டில் விசாரித்துவிட்டு, கூலியையும் மரத்தின் விலையையும் தனித்தனியாகப் பேசி, பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். தண்டை எந்த நீளத்தில் அறுக்க வேண்டும் என்பதையும் வெட்டும் முன்பே மரவாடியில் கேட்டுவிட வேண்டும், ஏனெனில் வண்டியில் ஏற்றும் வசதிக்காக மூன்றடித் துண்டுகளாக அறுத்துப்போட்ட நல்ல வேம்பு நிலைக்கு உதவாமல் விறகு விலைக்குத்தான் போகும்.

அனுமதி தேவையில்லை என்று எண்ணிக்கொள்வது

என் நிலம், என் மரம் என்ற வாதம் எல்லா மரங்களுக்கும் செல்லாது. சந்தன மரம் சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் உரிமையாளர் அதை வெட்ட முடியாது. வனத்துறை வழியாகத்தான் எதுவும் நடக்க வேண்டும். ஈட்டி மரத்துக்கென்றே 1994ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட தனிச் சட்டம் 2025 வரை நடைமுறையில் இருந்தது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனியார் நிலத்து மரத்துக்கும் அனுமதி பெற வேண்டும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தேக்கை வெட்டிய பின் வண்டியில் கொண்டுசெல்லவும் வனத்துறையின் சீட்டு வேண்டியிருக்கும். இதைக் கேட்காமல் ஏற்றிவிட்டால் வழியில் நிறுத்தப்படுவது வண்டி மட்டுமல்ல, மரமும்தான்.

வீட்டு வாசலுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரத்தை நட்டுத் தண்ணீர் ஊற்றியவர் நீங்களாகவே இருந்தாலும், அது பொது இடத்து மரம். அதை ஆள் வைத்து வெட்டுவது வீண் செலவு, தவிரவும் குற்றம். உள்ளாட்சி அமைப்புக்கு மனு கொடுக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதியலாம். பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரையின் மேல் சாய்ந்து நிற்கிறது, உரிமையாளர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்றால், விழுந்து காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நிர்வாக நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. 2024 ஜூலைக்கு முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது. அந்த அதிகாரம் உள்ள கோட்டாட்சியரின் அலுவலகத்தில் கொடுக்கும் ஒரு மனு, பல ஆண்டு வாய்ச்சண்டையைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளுக்குப் பணம் கொடுத்து ஆள் வைப்பது இன்னொரு தவறு. தன் கம்பிகளில் உரசும் கிளைகளை மின்வாரியமே பராமரிப்பு நாட்களில் கழித்துவிடுகிறது. கழித்த தழையை அவர்கள் அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள் என்பது வேறு விஷயம். முழு மரத்தையும் எடுக்க வேண்டியிருந்து கம்பி அருகில் சென்றால், பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாளைத் தொட வேண்டும்.

தூரையும் கட்டையையும் அப்படியே விடுவது

செலவைக் குறைக்கத் தூரை விட்டுவிடுவது எல்லா மரத்துக்கும் ஒன்றுபோல் முடியாது. தென்னந்தூர் மறுபடி துளிர்க்காது. வேம்பும் பூவரசும் அரசும் துளிர்க்கும்; சுவரை ஒட்டிய அரசந்தூரை விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் அதே வேலைக்கு மறுபடியும் கூலி கொடுக்க நேரும். தென்னையில் வேறொரு சிக்கல் உண்டு. வெட்டிய தண்டை மூலையில் போட்டு மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும், மீதமிருக்கும் தென்னைகளின் குருத்தை அது குடையும். ஒரு தென்னையை எடுத்த இடத்தில் இன்னும் நான்கு தென்னைகள் நிற்கும் வீடுகளில், தண்டை வெளியேற்றும் வண்டி வாடகையை மிச்சப்படுத்துவது மிச்சமாகாது.

கரிசலிலும் களிமண்ணிலும் கட்டிய வீடுகளில் மரத்தை எடுப்பதாலேயே வரும் ஆபத்தும் இருக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டி நின்ற பெரிய மரம் உறிஞ்சிவந்த ஈரம், அது போன பிறகு மண்ணிலேயே தங்கி, மண் உப்பிச் சுவரில் விரிசல் விடலாம் என்பதால், அத்தகைய மரத்தைத் தொடும் முன்பு கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்பது அவசியம்.

எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இயலாதவர்கள் இடைவழியாக மரத்தின் தலையை மொட்டையடித்துவிடுவதுண்டு. இதில் பணம் இரண்டு முறை போகிறது. வெட்டிய இடத்தில் அடர்த்தியாகக் கிளம்பும் புதுக் கிளைகள் மேல்தோலோடு மட்டும் ஒட்டியவை. அவை பருத்த பின் காற்றில் ஒடிவது பழைய கிளைகளைவிட எளிது, வெட்டுவாயில் தண்ணீர் இறங்கித் தண்டும் உளுக்கத் தொடங்கும். ஆபத்தான கிளையை மட்டும் அதன் அடியோடு கழிப்பதற்கு ஆகும் கூலி குறைவு. பல வீடுகளில் தேவைப்படுவதும் அவ்வளவுதான்.

ஏறுபவரின் பாதுகாப்பை விலையில் கழிப்பது

இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் ஏறுபவர் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்டால் அது லாபமல்ல. உங்கள் வளாகத்தில் அவர் விழுந்தால் மருத்துவமனைச் செலவு யாருடையது என்ற கேள்வி அன்று மாலையே வாசலுக்கு வரும். தென்னை ஏறுபவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேரா சுரக்ஷா’ என்ற காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிறது. அதில் சேர்ந்திருக்கிறீர்களா என்று ஏறும் முன்பே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேம்பையோ அரசையோ தொடும் முன்பு எலுமிச்சையும் கற்பூரமும் கேட்பார்கள். அந்தச் சின்னச் செலவில் பேரம் பேச வேண்டாம்.

வீட்டுக் காப்பீடு இருப்பவர்கள் மரம் விழுந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் சரியல்ல. 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், மரம் விழுந்து கட்டடத்துக்கு ஏற்படும் சேதம் அடங்கும். ஆனால் இடிபாடுகளை அகற்றும் செலவு, இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரைதான். ஒரு லட்சம் ரூபாய்க்குச் சேதம் ஏற்பட்டு அது முழுவதும் ஏற்கப்பட்டாலும், கூரைமேல் கிடக்கும் மரத்தை எடுக்கக் கிடைப்பது அதிகபட்சம் 2,000 ரூபாய். கிரேன் வாடகையின் மீதியை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும்.