"உம்முடைய ராஜ்யம் வருவதாக": 555 புத்தகத்தில் எழுதிப் பார்க்கும் முறை

போன வருடம் ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: "ராஜ்யம் வருவதாகன்னு தினமும் ஜெபிக்கிறோமே டீச்சர், எங்கேயாவது வந்திருக்கா?" இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தில் வரும் வரியைத்தான் கேட்டான். ஓர் இடத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அன்று தொடங்கி, அப்படிப்பட்ட இடங்களைத் தேடி எழுத நான் செய்துபார்த்து, தவறி, திருத்திக்கொண்ட முறை இது.

படி 1: புத்தகம்

இங்கே மலேசியாவில் மளிகைக் கடையில் பற்று (கடன் கணக்கு) எழுதுவார்களே, சட்டைப்பைக்குள் அடங்கும் 555 புத்தகம், அதை வாங்குங்கள். கைப்பேசி வேண்டாம். நான் இரண்டு வாரம் முயன்றேன். எழுதத் திறந்தால் வாட்ஸ்அப் வந்து நிற்கும், அரை மணி நேரம் போய்விடும். தோல் அட்டை போட்ட அழகான டைரியும் வேண்டாம். அதில் நன்றாக எழுத வேண்டுமே என்று கை தயங்குகிறது. 555இல் ஒரு செய்திக்கு ஒரு வரிதான். அது போதும்.

படி 2: எதைத் தேடுகிறோம்?

ராஜ்யம் என்றதும் நமக்கு நாடும் எல்லையும் நினைவுக்கு வரும். கிரேக்க மூலத்தில் உள்ள 'பசிலேயா' என்ற சொல் முதலில் ஆட்சியைக் குறிப்பது. கத்தோலிக்க நண்பர்கள் 'இறையாட்சி' என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது. தேவன் ராஜாவாக இருந்தால் இந்தத் தெருவில் என்ன நடக்குமோ, அது நடந்த இடத்தைத்தான் தேடுகிறோம்.

மாதிரிக்கு வேதத்தில் மத்தேயு சுவிசேஷம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன் ஆள் அனுப்பி, வருகிறவர் (வாக்குப்பண்ணப்பட்ட மீட்பர்) நீர்தானா என்று கேட்கிறான். இயேசு நேராகப் பதில் சொல்லாமல், கேட்டதையும் கண்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். குருடர், சப்பாணிகள், குஷ்டரோகிகள், தரித்திரர் என்று அவர் சொன்னவர்களை உள் அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரவில் ஒரு வரி

எங்கே, யார், என்ன செய்தார். அவ்வளவுதான். பெயர் மட்டும் எழுதாதீர்கள், புத்தகம் எங்கேயாவது விழுந்துவிடலாம்.

படி 4: அடித்தல்

இங்கேதான் நான் சறுக்கினேன். முதல் மாதம் முடிந்ததும் 31 வரிகள் இருந்தன. செந்தூல் கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மழைக்கு முன் வீடு வந்து சேர்ந்தேன். போனஸ் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்தது. மனம் நிறைந்துதான் எழுதியிருந்தேன். ஆனால் மறுபடி வாசித்தபோது, எனக்கு இடம் கிடைத்த அதே பெட்டியில் காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மா கேஎல் சென்ட்ரல்வரை நின்றுகொண்டே வந்தது நினைவுக்கு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைத் தேவனுடைய ராஜ்யம் என்று எழுதியிருக்கிறேன்.

அப்போது வகுத்துக்கொண்ட விதி: 'எனக்கு', 'என்', 'நான்' என்று வரும் வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். அவை பொய்யில்லை. அவற்றுக்கு இடம் நன்றி ஜெபம்; அங்கே தாராளமாகச் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தின் வேலை வேறு.

அடித்து முடித்தபோது 31இல் இரண்டு மிஞ்சின. அதில் ஒன்று: "மளிகைக் கடை. ஒரு பக்கத்தை அடித்தார்."

எங்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள கடை அது. மூன்றாம் மாடி அக்காவின் கணவர் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டார். மூன்று மாதப் பற்று ஒரு பக்கம் முழுக்க நிறைந்துவிட்டது. அன்று அக்கா 50 ரிங்கிட்டோடு வந்தார். கடைக்கார அண்ணன் பணத்தை வாங்கவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அரிசி தீர்ந்திருக்கும், எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றார். முட்டை வாங்க நின்றிருந்த நான் அதைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து எழுதினேன், பிறகு மறந்தே போனேன்.

கர்த்தருடைய ஜெபத்தில் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று சொன்னபின் சிறிது தூரத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறது. லூக்கா 11இல் அது பாவங்கள், மத்தேயுவில் கடன்கள். மூலத்தில் பணக்கடனுக்கும் வழங்கும் சொல்தான் அது. உபாகமம் 15இல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது. நாற்பது வருடமாக நான் மனப்பாடமாகச் சொன்ன ஜெபம், என் கண்ணெதிரில், நான் எழுதுகிற அதே வகைப் புத்தகத்தில், ஒரு கோடாக நடந்திருக்கிறது.

பின்னர் சேர்த்தது: அந்த அண்ணன் நெற்றியில் விபூதி வைப்பவர் என்று, இதை வாசித்த ஒருவருக்குப் பதிலில் சொல்லியிருந்தேன். "அப்படியானால் அது எப்படித் தேவராஜ்யத்தின் அடையாளம்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மத்தேயு 8ஐ வாசியுங்கள். அதில் வரும் நூற்றுக்கு அதிபதி, ரோமப் படையதிகாரி, யூதரில்லை. இஸ்ரவேலிலும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு அவரைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டார். நான் அண்ணனை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. ராஜாவின் சித்தம் நடந்த இடத்தை எழுதினேன். சபைக்குள் மட்டும் தேடினால் புத்தகம் காலியாகத்தான் இருக்கும்.

பின்னர் சேர்த்த இன்னொரு குறிப்பு: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் வெள்ளைக்கோலோடு நடப்பவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். ஒருவரைக் கையைப் பிடித்துச் சாலை கடத்திவிட்டதை அடையாளமாக எழுதியதாக ஒரு தம்பி சொன்னார். அதைப் படித்த பார்வையற்ற வாசகர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: இழுக்கக் கூடாது, உதவி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும், வேண்டுமென்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும். எரிகோவில் பார்வையற்றவரிடம் இயேசுவும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். இப்போது ஒவ்வொரு வரியிலும், உதவி பெற்றவரிடம் யாராவது கேட்டார்களா என்றும் பார்க்கிறேன்.

படி 5: பின்பக்கம்

புத்தகத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து "இன்னும் வரவில்லை" என்று தலைப்பிட்டு எழுதிவாருங்கள். இதை விட்டுவிட்டால் புத்தகம் இனிப்பாகிவிடும், உண்மையாக இருக்காது. என் முதல் வரி, பக்கத்துக் கட்டுமான இடத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பியைப் பற்றியது. அவருடைய கடப்பிதழ் முதலாளியிடம் இருக்கிறது. பிறர் கடப்பிதழைப் பிடித்துவைப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவருக்கு அது தெரியும், கேட்கத்தான் பயம். சனிக்கிழமை இரவு வீட்டில் முன்பக்கத்தை வாசித்து நன்றி சொல்கிறோம், பின்பக்கத்தை வாசித்து "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்கிறோம். பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு இதுவரை ஒரே ஒரு வரி வந்திருக்கிறது. தம்பியின் வரி இன்னும் வரவில்லை.

புத்தகம் நிறைந்ததும் தேதி போட்டு எடுத்துவையுங்கள். புதிய புத்தகம் வாங்கிய அன்றே, பின்பக்கத்தில் மீதியிருக்கும் வரிகளை முதலில் அதில் எழுதிவிடுங்கள்.