கால்பந்தில் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில், ஆட நினைக்கும் தங்கைக்கு: 14 முதல் 18 வயது வரை

சுவருக்கு எதிரே இருபது அடி தள்ளி நில். உனக்குப் பின்னால் தோழி ஒருத்தி நிற்கட்டும். பந்தைச் சுவரில் அடி. அது திரும்பி வருவதற்குள் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்து, அவள் எத்தனை விரல் காட்டுகிறாள் என்று சத்தமாகச் சொல். அப்புறம்தான் பந்தைத் தொட வேண்டும். முதல் வாரம் எண் தப்பும், இல்லையென்றால் பந்து காலுக்கடியில் போய்விடும். பரவாயில்லை, விடாதே.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பந்து உன் காலை விட்டுச் சுவரை நோக்கிப் போகும்போதே திரும்பிப் பார்க்க வேண்டும். சுவரில் பட்டு வரத் தொடங்கியபின் திரும்பினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். மேட்சிலும் இதேதான். உனக்குப் பாஸ் போடப்போகிறவளை நோக்கிப் பந்து போய்க்கொண்டிருக்கிறதே, அந்த நேரம் உன்னுடையது. அவள் உனக்கு அடித்த பிறகு உன் கண் பந்தின் மேல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

விரல் எண்ணுவது பழகியதும் தோழியை உன் இடப்பக்கமோ வலப்பக்கமோ நெருங்கி வரச் சொல். எந்தப் பக்கம் வருகிறாள் என்று பார்த்துவிட்டு, முதல் டச்சை அதற்கு எதிர்ப்பக்கம் எடு. உடம்பைப் பந்துக்கு நேராக வைக்காமல் பாதி திறந்த கதவு மாதிரி சாய்த்து வைத்து, பந்துக்குத் தூரத்தில் இருக்கும் காலால் வாங்கு. அப்படி வாங்கினால் முன்னால் திரும்ப இன்னொரு டச் செலவாகாது. நடுக்களத்தில் அந்த ஒரு டச்சில்தான் எதிராளி வந்து சேர்கிறாள்.

நான் பத்து வருடம் மிட்ஃபீல்டில் ஆடினேன். இப்போது பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோருமே ட்ரிப்ளிங் காட்டத்தான், பந்தைக் காலில் வைத்தே ஆளைத் தாண்டத்தான், ஆசைப்படுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் ஓரத்தில் ஆடும் விங்கரைச் சுற்றி ஒரு பக்கம் கோடுதான் இருக்கிறது, கோடு யாரையும் டேக்கிள் செய்யாது. உன்னைச் சுற்றி நாலு பக்கமும் ஆள். அதனால்தான் முதலில் கண்ணைப் பழக்கச் சொல்கிறேன்.

எந்த இடத்தில் ஆடுவது? டிஃபன்ஸுக்கு முன்னால் நிற்கும் ஆறாம் நம்பரா, மேலும் கீழும் ஓடும் எட்டா, ஃபார்வர்டுக்குப் பின்னால் நிற்கும் பத்தா? 16 வயதுவரை எதையும் முடிவு செய்யாதே. கோச் உன்னை லெஃப்ட் பேக்கில், அதாவது இடப்பக்க டிஃபன்ஸில், போட்டாலும் முகம் சுளிக்காமல் ஆடு. அங்கிருந்து பார்த்தால்தான் மிட்ஃபீல்டர் எப்போது கண்ணில் படுகிறாள், எப்போது ஆளுக்குப் பின்னால் மறைந்து போகிறாள் என்பது புரியும்.

மேட்ச் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதே. இங்கிலாந்தின் கீரா வால்ஷை மட்டும் பத்து நிமிடம் பின்தொடர்ந்து பார். பந்து இல்லாத நேரத்தில் அவர் எங்கே நகர்கிறார், எத்தனை தடவை தலையைத் திருப்புகிறார் என்று எண்ணிப் பார். ஸ்பெயினின் ஐத்தானா பொன்மத்தி ஆடும் மேட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் ஆரம்பத்தில் பையன்களோடு சேர்ந்துதான் ஆடினார், 14 வயதில் பார்சிலோனாவின் இளையோர் பிரிவுக்குப் போனார். பையன்களோடு ஆட வாய்ப்புக் கிடைத்தால் நீயும் ஆடு. வேகத்திலும் பலத்திலும் அவர்கள் முந்தும்போது, முன்கூட்டியே யோசிப்பதைத் தவிர உனக்கு வேறு வழி இருக்காது.

சரி, முழங்காலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

எனக்கு 17 வயதில் வலது முழங்காலில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் தசைநார், கிழிந்தது. யாரும் என்னை இடிக்கவில்லை. பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினேன். பாதம் புல்லில் ஊன்றி நின்றுவிட்டது, முட்டி உள்பக்கமாக மடங்கியது, 'டப்' என்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அன்று மைதானம் தாமதமாகக் கிடைத்தது என்று வார்ம்-அப் செய்யாமலே இறங்கியிருந்தோம். அதனால்தான் கிழிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை என் பிள்ளைகளை வார்ம்-அப் இல்லாமல் நான் இறக்கியதில்லை.

ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இந்தக் காயம் அதிகம் வருகிறது. அதைக் குறைக்க வழியும் இருக்கிறது. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் உண்டு. மூன்று பகுதிகள், 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம். முதலில் மெதுவான ஓட்டம், நடுவில் பிளாங்க், ஒற்றைக்கால் சமநிலை, ஸ்குவாட், குதித்து இறங்குதல், கடைசியில் வேகமான ஓட்டமும் திசை திருப்பமும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய்ய வேண்டும். குதித்து இறங்கும்போது தோழியை எதிரே உட்கார்ந்து உன் முட்டியை மட்டும் பார்க்கச் சொல். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அவள் கை தட்டட்டும். முட்டி பாதத்துக்கு நேரே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய். உங்கள் அணியில் இந்த வழக்கம் இல்லையென்றால், 20 நிமிடம் முன்னதாகப் போய் நீயே ஆரம்பி. ஒருத்தி செய்தால் நாலு பேர் வந்து சேருவார்கள்.

காயம் பட்டாலும் பயப்படாதே. ஸ்பெயினின் அலெக்சியா புத்தேயாஸுக்கு 2022 ஜூலையில், ஐரோப்பிய நாடுகள் ஆடும் யூரோ போட்டி தொடங்கும் தறுவாயில், ஏசிஎல் கிழிந்தது. அதே ஆண்டு, சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலன் டோர் விருது அவருக்குத்தான் இரண்டாவது முறையாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம்தான் மறுபடி களத்தில் இறங்கினார். அவ்வளவு வசதிகள் இருந்தவருக்கே அத்தனை மாதம் ஆனது. 'ஆறு மாசத்துல வந்துடலாம்' என்று யார் சொன்னாலும் அவசரப்படாதே.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்கிறேன். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால், 'பயிற்சி அதிகம், அதனால்தான்' என்று விட்டுவிடாதே, டாக்டரிடம் போ. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்லும் விதம் அதுவாக இருக்கலாம். அப்படியே போனால் எலும்பு பலவீனமாகி முறிவு வரலாம். நான் ஆடிய காலத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ட்ரயல்ஸ், அதாவது அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு, பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஆடப்போகிறாய், அதனால் வாயைத் திற. 'டர்ன்' (திரும்பலாம்), 'மேன் ஆன்' (ஆள் நெருங்கிவிட்டாள்), 'டைம்' (நேரம் இருக்கிறது) என்ற மூன்று சொல்லை மட்டும் சரியான நேரத்தில் சொன்னாலே, பக்கத்தில் நிற்பவள் உன்னை நம்பிப் பந்து தருவாள். பந்தை இழந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அடுத்த ஐந்து விநாடிக்குள் துரத்து. ட்ரயல்ஸில் தேர்வு செய்ய உட்காரும்போது நான் பார்ப்பது அந்த ஐந்து விநாடியைத்தான்.

கிளப் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதே, நிமிடத்தைப் பார். ஒரு சிறிய நோட்டில் ஒவ்வொரு மேட்சிலும் எத்தனை நிமிடம் ஆடினாய், எந்த இடத்தில் ஆடினாய் என்று எழுதி வை. பெரிய அணியின் பெஞ்சில் ஒரு சீசன் முழுக்க உட்காருவதைவிட, சின்ன அணியில் வாரம்தோறும் ஆடுவது இந்த வயதில் மேல். புத்தேயாஸ் சிறுமியாக இருந்தபோது பார்சிலோனாவில் ஒரு வருடம் இருந்துவிட்டு எஸ்பான்யோலுக்குப் போனார், அப்புறம் ஒரு சீசன் லெவாந்தேயில் ஆடினார், 2012-ல்தான் பார்சிலோனாவுக்குத் திரும்பினார். சுற்றிப்போன வழியில் அவர் ஆடிக்கொண்டே இருந்தார், அதுதான் முக்கியம்.

கடைசியாக, காகிதம். இந்தப் பகுதியை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து படி. ஃபிஃபா விதிப்படி, 18 வயதுக்குள் இருப்பவரோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. 18 ஆகாத ஆட்டக்காரரை வேறொரு நாட்டுக் கிளப் எடுத்துக்கொள்வதற்கும் சில விதிவிலக்குகள் தவிரத் தடை இருக்கிறது. 'வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன், முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது வீட்டுக்கு வந்தால், அந்தப் பேச்சு வாசலிலேயே முடியட்டும். 18 வயதுக்குக் கீழே இருக்கும் உன்னோடு பேச ஏஜென்டுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மைதானத்துக்கு வெளியே உன்னைத் தனியாக நிறுத்திப் பேசுகிற ஏஜென்டிடம் 'அப்பாகிட்ட பேசுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு நட.

ஒப்பந்தத்தில் சம்பளத்தைத் தேடுவதற்கு முன், காயம் பட்டால் ஆபரேஷனுக்கும் பிசியோவுக்கும் யார் பணம் கட்டுவார்கள், ஆடாத மாதங்களில் சம்பளம் உண்டா என்ற வரியைத் தேடு. என் முழங்கால் கிழிந்தபோது 'பார்த்துக்குவோம்' என்று கிளப்பில் வாயால் சொன்னார்கள், காகிதத்தில் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் செலவு முழுக்க அப்பா தலையில்தான் விழுந்தது. அந்த வரி இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேள். இன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால், காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டுத் தருகிறோம் என்று அப்பாவைச் சொல்லச் சொல்.