மாதம் ஒருமுறை கறித்தூள்: வேலைக்குப் போய்க்கொண்டே களைக்காமல் சம்பாதிக்க

கொழும்பில் அலுவலக வேலையோடு வீட்டில் ஏதாவது செய்து விற்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது சோற்றுப் பார்சலிலும் ரோல்ஸிலும்தான். இரண்டும் அன்றன்று செய்து அன்றன்று விற்க வேண்டியவை. விடிய நாலு மணிக்கு எழும்பி, பிறகு எட்டு மணி நேரம் வேலையும் பார்த்தால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? வறுத்து அரைத்த யாழ்ப்பாணக் கறித்தூள் நன்றாகக் காய்ந்து, காற்றுப் புகாமல் கட்டியிருந்தால் மூன்று மாதம் மணம் குறையாமல் இருக்கும். அதனால் எந்த நாளில் வேலை செய்வது என்பது உங்கள் கையில் இருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

முதலில் நேரக் கணக்கு. 5 கிலோ சாமான் வாங்கி ஒரு தடவை தூள் அரைக்க, புறக்கோட்டைச் சந்தைக்குப் போய் வர இரண்டரை மணி, மிளகாய்க் காம்பு கிள்ள ஒன்றரை, வறுக்க இரண்டு, மில்லில் ஒன்றரை, பக்கற் கட்ட ஒன்றரை, ஓடர் பார்க்க ஒன்று என்று மொத்தம் 10 மணி நேரம் போகும். 10 கிலோ என்றால் 20 மணி ஆகாது, 15 மணிதான். கடைக்குப் போவதும் மில்லில் காத்திருப்பதும் ஓடர் பார்ப்பதும் எவ்வளவு அரைத்தாலும் ஒரே நேரம்தான். 200 கிராம் பக்கற் ஒன்றில் செலவு போக 250 ரூபா மிஞ்சுகிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். 5 கிலோவில் 21 பக்கற் விற்றால் மணிக்கு 525 ரூபா. 10 கிலோவில் 42 பக்கற் விற்றால் மணிக்கு 700 ரூபா. இரண்டு சனி ஞாயிறைக் கெடுத்துச் சம்பாதிக்கும் அதே 10,500 ரூபாவை ஒரே சனி ஞாயிறில் சம்பாதித்துவிடலாம். மாதத்தின் மற்றக் கிழமைகள் உங்களுக்கே.

10 கிலோவுக்கு அளவு இது: செத்தல் மிளகாய் 4 கிலோ, மல்லி 4 கிலோ, பெருஞ்சீரகம் 800 கிராம், மிளகு 400, நற்சீரகம் 400, வெந்தயம் 200, மஞ்சள் 200, கறிவேப்பிலை நாலைந்து பிடி. காம்பும் ஈரமும் போய், மில்லில் ஒட்டியதும் போய் 10 கிலோவில் ஏறக்குறைய 8.8 கிலோதான் தூளாக வரும். பக்கற்றை 10 கிலோவுக்குக் கணக்குப் போட்டு விலை வைத்தால் அங்கேயே நட்டம்.

சனி காலையில் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போங்கள். மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், வளைத்தால் முறிய வேண்டும். நாலைந்தைப் பிரித்து உள்ளே பாருங்கள். சாம்பல் நிறப் பூஞ்சணம் இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் போகாது. வெள்ளவத்தையிலிருந்து 100, 101 பஸ்ஸில் போகலாம், ஆனால் மூட்டையோடு திரும்புவது ஆட்டோவில்தான். அந்தக் காசையும் செலவில் எழுதுங்கள்.

சனி பின்னேரம் காம்பு கிள்ளுங்கள். கையுறை போடாவிட்டால் இரவு கண்ணைக் கசக்கும்போது தெரியும்.

வறுப்பதுதான் பிளட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய தலையிடி. மிளகாய் நெடி மாடிப்படியால் ஏறிப் பக்கத்து வீடுகளை இருமவைக்கும். முதல் நாளே சொல்லிவைத்து, ஞாயிறு காலை யன்னல்களைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் மல்லி, பிறகு பெருஞ்சீரகம், மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியாக மிளகாய். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடுமுன் வெந்தயம் கருகிவிடும். கருகிய வெந்தயம் ஒரு பிடி போதும், 10 கிலோவும் கைக்கும். மிளகாயைத் தாச்சியில் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடாமல், மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறுங்கள். நிறம் ஒருபடி இருளத் தொடங்கியதுமே இறக்குங்கள். தாச்சிச் சூட்டிலேயே மிச்சமும் வறுபடும்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகே மில்லுக்கு. ஞாயிறு திறக்கும் மில்லா என்று முன்பே கேட்டுவையுங்கள். திறக்காது என்றால் இறுக்கமான டின்னில் போட்டுவைத்துத் திங்கள் பின்னேரம் கொண்டுபோகலாம். உங்களுக்கு முன் அரைத்தவர் அரிசிமா அரைத்திருக்கக்கூடும். உங்கள் சாமானில் ஒரு பிடியைப் போட்டு ஓடவிட்டு, அதை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள்.

தூள் மில்லிலிருந்து சூடாகத்தான் வரும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: அலுப்பில் அப்படியே பக்கற்றில் போட்டுச் சீல் பண்ணிவிடுவார்கள். உள்ளே வேர்த்து, இரண்டு கிழமையில் கட்டிபட்டு, பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு மூன்று மணி ஆறவிடுங்கள். மின்விசிறி போடாதீர்கள், தூள் வீடெல்லாம் பறக்கும். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் காற்றில் ஈரம் அதிகம், ஆறியதும் உடனே கட்டிவிட வேண்டும். பக்கற் வாயில் தூள் ஒட்டியிருந்தால் சீல் பிடிக்காது, புனல் வைத்து நிரப்பி உலர்ந்த துணியால் துடையுங்கள். லேபலில் பெயர், சேர்த்தவை, நிறை, அரைத்த திகதி, காலாவதித் திகதி, விலை, முகவரி இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கற்றை நீங்களே எடுத்துவையுங்கள். யாராவது குறை சொன்னால் அதைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லலாம்.

ஆளைக் களைக்கவைப்பது பெரும்பாலும் தூள் வேலை அல்ல, தொலைபேசிதான். வட்ஸ்அப் பிஸ்னஸைத் தனி சிம்மில் போட்டு, இரவு எட்டு மணிக்குப் பிறகு தானாகப் பதில் போகும்படி வையுங்கள். ஓடரை வியாழனோடு மூடிவிடுங்கள். காசு வந்த பிறகே பெயர் எழுதுங்கள். தூள் கொடுப்பது ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரே இடம். அப்படி வர முடியாதவர்களுக்கு அவர்கள் செலவில் பிக்மீ செயலி மூலம் அனுப்பலாம். "நாளைக்கு லண்டன் போறன், மூன்று கிலோ வேணும்" என்று ஆடியிலும் மார்கழியிலும் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அதற்கென்று அந்த மாதங்களில் 2 கிலோவை ஒதுக்கிவையுங்கள். அது முடிந்தால் இல்லை என்று சொல்லுங்கள். ஒருவருக்காக இரவில் தாச்சி வைத்தால் அடுத்த முறை நாலு பேர் கேட்பார்கள். சொந்தக்காரருக்கும் கடன் வேண்டாம், விருப்பமென்றால் வருடத்தில் ஒரு பக்கற் அன்பளிப்பாகக் கொடுங்கள்.

உணவு விற்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும். தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கதையுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அலுவலக நியமனக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் வருமான வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. சம்பளத்தையும் தூளில் வரும் வருமானத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள், அதனால் வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

42 பக்கற்றும் இரண்டு நாளில் முடிகிறதென்றால் அடுத்த மாதம் 60 செய்ய ஓடாதீர்கள். விலையை 50 ரூபா கூட்டிப் பாருங்கள். அப்படியும் ஆட்கள் நின்றால் காம்பு கிள்ளுவதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி ஒருவரைப் பிடியுங்கள். அதிலேயே உங்களுக்கு மூன்று மணி நேரம் மிஞ்சும்.