வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

2024-இல் உலகம் முழுவதும் ஒரு தடுப்பூசிகூடப் போடப்படாத குழந்தைகள் ஒரு கோடியே 43 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்குச் சொல்கின்றன. இதைப் பற்றிய கூட்டங்களில் முதலில் வந்து விழும் சொல் 'விழிப்புணர்வு'. தாய்மாருக்குப் புரியவில்லையாம். சரி, அதுவும் உண்டுதான். ஆனால் ஊசி போடும் மேசைக்கு இந்தப் பக்கம் நடக்கும் தவறுகளை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு கிராமத்துத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதக் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். தட்டம்மைத் தடுப்பூசி பெரும்பாலும் 10 டோஸ் குப்பியில், தூளாக வரும். கரைத்துவிட்டால் 6 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அன்றைக்கு வந்ததோ இரண்டே குழந்தைகள். இதற்காக ஒரு குப்பியை உடைப்பதா என்று ஊழியர் யோசிக்கிறார், அடுத்த வாரம் வரச் சொல்கிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குப்பி வீணானால் மேலிடத்தில் கேள்வி வரும். குழந்தை திரும்பிப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் சரியான விதி. சளி, லேசான காய்ச்சல், தடுப்பூசி அட்டையை மறந்துவிட்டு வந்தது, இவையும் திருப்பி அனுப்பக் காரணமே அல்ல.

ஊசி போட்டாலும் பேச்சு மிச்சமிருக்கிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. முதல் தவணைக்குப் பிறகு அன்றிரவு குழந்தைக்கு உடம்பு சுடலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஊசிதான் கெடுத்தது என்று தாய் நினைப்பதில் என்ன தப்பு? இரண்டாம் தவணைக்கு அவள் வரமாட்டாள்.

அப்புறம் குளிர்ப்பெட்டி. வெப்ப நாடு, மருந்து கெட்டுவிடும் என்ற பயத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் அடுக்கிவிடுகிறார்கள். பென்டாவேலன்ட் உறைந்தால் வீணாகிவிடும். அது இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து பிறகு அடுக்க வேண்டும். குப்பி மேலுள்ள நிறம் மாறும் சதுரம் வெப்பத்தால் கெட்டதைத்தான் காட்டும், உறைந்து கெட்டதைக் காட்டாது. சதுரம் கருக்காமல் வெளுப்பாகத்தானே இருக்கிறது, மருந்து நல்லது என்று போட்டுவிடுவார்கள். குழந்தைக்கு ஊசி வலி மட்டும் மிச்சம்.

பயிற்சியில் சுருக்கு வழி தேடினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோயெட்டா பகுதியில் நடந்தது போதும். தட்டம்மை முகாமில் 15 குழந்தைகள் இறந்தார்கள். மருந்தைக் கரைக்க நான்கு நாளும் ஒரே சிரிஞ்சு. குளிர்சாதனமே இல்லாத கட்டடத்தில் குப்பிகள். ஊசி போட்டவர்களுக்குத் தகுதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. மருந்தில் கோளாறு இல்லை.

இப்படி ஒன்று நடந்ததும் செய்யக்கூடிய அடுத்த தவறு, பயந்துபோய் சேவையை ஊரிலிருந்து விலக்கிக்கொள்வது. நமக்கே அந்த அனுபவம் உண்டு. 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமத்தில் நடந்த தடுப்பூசிப் பணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றப்பட்டது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி அளவு 2005-06-இல் 80.9 சதவீதம், 2015-16-இல் 69.7. சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஊசி தெருவில் கிடைப்பதும் பஸ் ஏறிப் போனால் கிடைப்பதும் ஒன்றல்ல.

ஏழை நாடுகளில் இந்த வேலையை ஊர்ப் பெண்களிடம் 'சேவை' என்ற பெயரில் சும்மா வாங்குகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கோபம். எத்தியோப்பியா 2003-இல் தொடங்கிய திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்கே ஓராண்டு பயிற்சி தந்து, சுமார் 5,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம், அதில் இரண்டு பேர் என்று சம்பளத்துக்கு அமர்த்தியது. அதுவும் ஏழை நாடுதான்.