மண் கரை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த நிலத்தில் மண் கரை எழுப்பி மழைநீரைத் தேக்குகிறவர்கள் கூடிவருவது நல்லதுதான். ஆனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் பழைய தவறுகளாலேயே புதுக் கரைகள் உடைவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. செத்தையையும் வேரையும் வழித்துவிட்டுத்தான் கரை போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கரை முடிந்த பிறகு குழாய் பதிப்பது

இது ஒன்றுதான் இன்னமும் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. கரையை முழுதாக எழுப்பிவிட்டு, பாசனத்துக்கு வழி வேண்டுமென்று நடுவில் வெட்டி, பிவிசி குழாயைக் கிடத்தி, ஜேசிபியால் மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். மேலே வண்டியை ஏற்றினால் இறுகிவிடுமாம்! குழாயின் அடிவயிற்றுக்கு அந்தக் கனம் போய்ச் சேராது. குட்டை நிரம்பியதும் தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே கசிந்து, மண்ணை அரித்துக்கொண்டு போகும். துளை வெளிக்கரையில் தொடங்கி உள்நோக்கி வளரும்.

சிவகங்கைப் பக்கம் ஒரு தோட்டத்தில் குழாய் வாயைச் சுற்றிக் கசிவு. எவர்சில்வர் டம்ளரில் பிடித்து வைத்தேன். சிறிது நேரத்தில் அடியில் செம்மண் படிந்தது. தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வரலாம். கலங்கி வந்தால் கரையே கரைகிறது என்று பொருள். உடனே நீரை இறக்கச் சொன்னேன். "விடியட்டும் அண்ணே, பயிருக்குத் தண்ணீர் வேண்டுமே" என்றார் உரிமையாளர். விடிவதற்குள் ஆளுயர உடைப்பு. பக்கத்து நிலத்து நாற்றங்கால் மண்ணுக்கடியில் போய்விட்டது.

குழாயை முதலிலேயே, கெட்டித் தரையில் பள்ளம் வெட்டிப் பதியுங்கள். ஈரமான களிமண்ணை அரைச் சாண் கனத்துக்கு அடுக்கடுக்காகப் போட்டு, இருபுறமும் திமிசுக்கட்டையால் இடியுங்கள். மண்ணை உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும். கையில் பிசுபிசுக்கக் கூடாது. வெளிக்கரைப் பக்கம் குழாயைச் சுற்றிச் சுத்தமான ஆற்றுமணல் போடுங்கள். அது தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் டீட்டன் மண் அணை 1976-ல் முதன்முறை நிரம்பும்போதே உடைந்ததும் உள்ளரிப்பால்தான், அதாவது கசியும் நீர் உள்ளுக்குள்ளேயே மண்ணை அரித்ததால்தான்.

கலிங்கில் வலை கட்டுவது

கலிங்கு என்பது குட்டை நிரம்பியதும் மிகுதி நீர் வெளியேறும் வழி. மீன் தப்பாமல் இருக்க அதில் வலை கட்டுகிறார்கள். செத்தை வந்து அடைத்து, தண்ணீர் கரைமேல் வழியும். வழிந்தால் மண் கரை நிற்காது. கலிங்கைப் பக்கத்துக் கெட்டித் தரையில் அகலமாக வெட்டுங்கள். நீர்மட்டத்துக்கு மேல் மூன்றடிக் கரை இருக்கட்டும்.

கரையில் தென்னை

வேண்டாம். புல் போதும்.

ஓடைப் புறம்போக்கை மறிப்பது

அனுமதியில்லாமல் தொடாதீர்கள்.

முதல் மழையிலேயே நிரப்புவது

முதல் ஆண்டு குழாயைத் திறந்து வைத்து, மெதுவாக மட்டம் ஏற்றுங்கள். ஓரடி ஏறும்போதெல்லாம் வெளிக்கரையின் அடிவாரத்தை நடந்து பாருங்கள். நண்டு வளை கண்டால் வாயை மட்டும் அடைக்காமல் முழுதும் தோண்டி, களிமண்ணால் இடித்து மூடுங்கள்.