சுவருக்குள்ளிருந்து வந்த குளிர்

இரவெல்லாம் ஹீட்டர் நிற்காமல் ஓடியது. அறைச் சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கி அணைக்கும் தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைத்திருந்தேன். அதன் திரையோ 19-ஐத் தாண்டவே இல்லை. ஆனால் அறையில் போர்வையை உதறித் தள்ளும் அளவுக்குப் புழுக்கம். சாதாரண வெப்பமானி ஒன்றை தெர்மோஸ்டாட்டின் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். 24 காட்டியது!

பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. ஹீட்டரின் காற்றை அறைக்குள் தள்ளும் ஃபேன் 'ஆன்' நிலையில் இருந்தது. அதை 'ஆட்டோ'வுக்கு மாற்றினேன். 'ஆன்' என்று இருந்தால், ஹீட்டர் அணைந்த பிறகும் ஃபேன் ஓடி, ஆறிப்போன காற்றை அறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். மாற்ற வேண்டியதுதான், ஆனால் என் வீட்டுக் கோளாறு அதுவல்ல.

கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றினேன். வயர்கள் வெளிவரும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. விரலை வைத்தால் சில்லென்று காற்று. சுவருக்குள்ளிருந்து வந்த அந்தக் குளிர்தான் நேராக சென்சாரில் பட்டிருக்கிறது. கருவியில் பழுதே இல்லை. தன்மேல் பட்ட காற்றை அது சரியாகத்தான் அளந்திருக்கிறது. இது தெரியாமல் புதிது வாங்கி மாட்டியிருந்தால் அதுவும் 19 என்றுதான் காட்டியிருக்கும்.

தீப்பிடிக்காத வகைப் பட்டியை (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து ஓட்டையை நன்றாக அடைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரையும் வெப்பமானியும் ஒரே எண்ணுக்கு வந்தன. கோடையில் ஏசி ஓயாமல் ஓடியதற்கும் இதே ஓட்டையைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன்: கூரைச் சூடு அந்த வழியாக இறங்கியிருக்க வேண்டும்.