எல்லாம் இரண்டிரண்டாக வாங்கியும் வீட்டு சர்வர் ஏன் விழுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தீபாவளிக்குக் கோலாலம்பூர் செந்தூல் வீட்டைப் பூட்டிவிட்டுச் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தோம். இரண்டாம் நாள் மாலை, பழைய கல்யாணப் படங்களைக் காட்டச் சொல்லி அம்மா கேட்டார். கைப்பேசியில் தேடினால், படங்களை வைத்திருக்கும் கணினியான வீட்டு சர்வரிடமிருந்து பதிலே இல்லை. வீட்டில் சர்வர் இரண்டு, யுபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இரண்டு, இணைய லைனும் இரண்டு. திரும்பி வந்து மெயின் பெட்டியைத் திறந்தால் மின்கசிவு வந்தால் கரண்டை அறுக்கும் சுவிட்சான ஆர்சிசிபி டிரிப் ஆகிக் கிடந்தது. இடி வேலை. யுபிஎஸ் இரண்டும் அரை மணி நேரம் தாங்கிவிட்டு அணைந்திருந்தன.

முதல் தவறு இதுதான். எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறோம். அத்தனையும் எதை நம்பி நிற்கின்றன என்று பார்ப்பதில்லை. கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை அதிகம். நாம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. பதிவு பெற்ற வயர்மேனை வைத்து, சர்வர் அலமாரிக்குத் தனி சர்க்கியூட்டும் அதை மட்டும் காக்கும் தனி சுவிட்சான ஆர்சிபிஓவும் போட்டுக்கொண்டேன். அதைப் பழைய ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தே பிரிக்க வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால் பயனில்லை. கரண்ட் திரும்பியதும் கணினி தானே எழுந்துகொள்ள பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஓர் அமைப்பு உண்டு. அதையும் போட்டுவையுங்கள்.

பலர் ஏமாறும் இன்னோர் இடம் புரோக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர், அதாவது ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் புரோக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் சில கணினிகளைக் கூட்டாகச் சேர்ப்பது. இரண்டு கணினிகளைச் சேர்த்துவிட்டால், ஒன்று விழும்போது மற்றது தாங்கும் என்று நம்புகிறோம். ஆனால் கிளஸ்டர் ஓட்டுக் கணக்கில் நடக்கிறது. பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். இரண்டில் ஒன்று போனால் மிஞ்சுவது சரிபாதிதான். தன் ஜோடி உண்மையிலேயே செத்துவிட்டதா, நடுவில் கேபிள் மட்டும் அறுந்ததா என்று மிஞ்சிய கணினிக்குத் தெரியாது. இரண்டும் உயிரோடிருந்து ஒரே தரவில் எழுதினால் எல்லாம் பாழ். அதனால் எச்ஏ வசதியில் (ஒரு கணினி விழுந்தால் அதன் விஎம்களை மற்றதில் தானே எழுப்பும் வசதி) விஎம்களைச் சேர்த்திருந்தால், மிஞ்சிய கணினி சுமார் ஒரு நிமிடத்தில் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். நன்றாக இருந்த கணினியும் சேர்ந்து விழும்! மூன்றாவது ஓட்டு ஒன்று வேண்டும். சும்மா கிடக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில், ஓட்டு மட்டும் போடும் கியூடிவைஸ் மென்பொருளைப் போட்டால் போதும். அதை அந்த இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குள்ளேயே விஎம்மாக வைத்துவிடாதீர்கள்.

இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்குவதும் அப்படித்தான். பில் வேறு வேறாக வரும். கேபிள் ஒரே குழாய் வழியாக வரலாம். தெருவில் பள்ளம் தோண்டினால் இரண்டும் போய்விடும். இரண்டாவது லைன் 4ஜி அல்லது 5ஜியாக இருப்பது நல்லது. ஆனால் மொபைல் லைனில் பெரும்பாலும் தனிப் பொது ஐபி (வெளியிலிருந்து நம் வீட்டைக் கண்டுபிடிக்கும் இணைய முகவரி) கிடைக்காது. போர்ட் திறந்து வெளியிலிருந்து நுழைய முடியாது. வீட்டிலிருந்து வெளியே ஒரு விபிஎஸ்ஸுக்கு (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்) வயர்கார்ட் என்ற பாதுகாப்பான விபிஎன் இணைப்பைப் போட்டு, அதன் வழியாக உள்ளே வாருங்கள். லைன் உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர் எதைப் பிங் செய்கிறது (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கிறது) என்பதையும் பாருங்கள். லைனின் முதல் வாசலான பக்கத்து கேட்வேயை மட்டும் பிங் செய்தால், அதற்கு அப்பால் இணையமே செத்திருந்தாலும் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும்.

வீட்டில் விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) ஆன பை-ஹோல் வைத்திருப்பவர்கள் இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8 கொடுத்துவிடுகிறார்கள். பல கருவிகளுக்கு முதலாவது, இரண்டாவது என்ற வரிசையே கிடையாது, எதையும் கேட்கும். விளம்பரம் எட்டிப்பார்க்கும், வீட்டு முகவரிகள் சிலநேரம் வேலை செய்யாது. இரண்டாவதும் பை-ஹோலாகவே இருக்கட்டும்.

ரெப்ளிகேஷனை (ஒரு சர்வரில் உள்ளதை அப்படியே மற்றதிலும் நகலெடுத்துக்கொண்டே இருப்பது) பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே தவறி அழித்த படம் அங்கேயும் அழிந்துவிடும். யுபிஎஸ் பேட்டரிக்கு வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்; ஈய அமில பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டு வரும், நம் ஸ்டோர் ரூம் சூட்டில் அதற்கும் முன்பே போகும்.

இவ்வளவையும் செய்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, சுவரிலிருந்த யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். சர்வர்கள் ஓடின, ரவுட்டரும் ஓடியது, ஆனால் ஃபைபர் இணையம் இல்லை. ஃபைபர் மோடத்தின் அடாப்டர் மட்டும் டிவிக்குப் பின்னால் வேறு பிளக்கில் இருந்தது. அன்றே அதை யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு, மறுபடியும் பிடுங்கிப் பார்த்தேன்.